மஞ்சள் விழுந்தால் முறுக்குவதா, நிற்பதா?

போன இதழில் "சிக்னலைப் பற்றிச் சந்தேகம் இருந்தால் எழுதுங்கள்" என்று ஒரு வரி போட்டிருந்தேன். இவ்வளவு கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. கும்பகோணம் – தஞ்சாவூர் தடத்தில் 31 வருஷம் பஸ் ஓட்டியவன் நான். இப்போது தாராசுரத்தில் காலையில் சைக்கிள் மிதித்துப் பால் வாங்கப் போகிறேன். ஆகவே ஸ்டியரிங்கின் பக்கத்து நியாயமும் தெரியும், ஹேண்டில்பாரின் பக்கத்து நியாயமும் தெரியும். எல்லாக் கடிதங்களுக்கும் இடமில்லை. ஒரே மாதிரி வந்தவற்றை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

மஞ்சள் விழுந்ததும் என் எக்ஸ்எல்லை நிறுத்தினால் பின்னால் வருகிறவர் ஹாரன் அடித்தே உயிரை எடுக்கிறார். முறுக்கினால் நடுச் சந்தியில் மாட்டிக்கொள்கிறேன். என்னதான் செய்வது அண்ணே?
— மளிகைக் கடைக்காரர், பாபநாசம்

மஞ்சளுக்கு நம்மூரில் "சீக்கிரம் போ" என்று அர்த்தம் ஆகிவிட்டது. சட்டத்தில் அப்படி இல்லை. 2017இல் வந்த வாகனம் ஓட்டும் விதிமுறைகளின்படி மஞ்சள் என்றால் கோட்டுக்கு முன்னால் நில் என்றுதான் அர்த்தம். கோட்டை ஏற்கெனவே தாண்டிவிட்டீர்கள், அல்லது இனி பிரேக் போட்டால் ஆபத்து என்கிற அளவுக்குக் கிட்டே வந்துவிட்டீர்கள் என்றால் மட்டும் போகலாம்.

"கிட்டே" என்றால் எவ்வளவு? நீங்கள் 40 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் ஒரு செகண்டுக்கு 11 மீட்டர் போகிறீர்கள். மஞ்சளைக் கண் பார்த்து, மூளை சொல்லி, கை பிரேக்கைப் பிடிக்க ஒரு செகண்ட் ஆகும். அதிலேயே 11 மீட்டர் போயிற்று. அப்புறம் காய்ந்த ரோட்டில் பதறாமல் நிற்க இன்னும் 15 மீட்டர். மொத்தம் 26. மஞ்சள் பெரும்பாலும் 3 செகண்ட்தான் எரியும், அதற்குள் நீங்கள் போகக்கூடிய தூரம் 33 மீட்டர். தெருவிளக்குக் கம்பம் ஒன்றிலிருந்து அடுத்தது வரைக்கும் ஏறக்குறைய அவ்வளவு இருக்கும். ஆக, மஞ்சள் விழும்போது கோட்டுக்கும் உங்களுக்கும் நடுவில் ஒரு கம்ப இடைவெளி இருந்தால் நில்லுங்கள். கோடு மூக்குக்குக் கீழே இருந்தால் போங்கள். கோடு தாண்டி நடுவில் பிரேக் போட்டு முழிப்பதுதான் எல்லாவற்றையும்விட மோசம்.

இதையெல்லாம் அந்த நேரத்தில் கணக்குப் போட முடியாது. அதனால் நாங்கள் ஒரு பழக்கம் வைத்திருந்தோம். தூரத்தில் பச்சையைப் பார்த்ததும், அது புதுப் பச்சையா பழைய பச்சையா என்று பார்ப்போம். நம் கண் முன்னால் மாறியிருந்தால் புதுசு. நாம் பார்த்தபோதே எரிந்துகொண்டிருந்தால் பழசு, எப்போது வேண்டுமானாலும் போய்விடும். பழைய பச்சை என்றால் ஆக்சிலரேட்டரிலிருந்து கால் தானாக எழுந்து பிரேக் மேல் போய் உட்கார்ந்துவிடும். உங்கள் வண்டியில் அந்த வேலையைக் கை செய்யட்டும். அப்படியே கண்ணாடியில் பின்னால் யார் ஒட்டி வருகிறார் என்றும் ஒரு பார்வை பார்த்து, பிரேக் விளக்கு எரிகிற அளவுக்கு லேசாகப் பிடித்துக் காட்டிவிடுங்கள். அவருக்கும் விஷயம் புரிந்துவிடும். அதற்குப் பிறகும் ஹாரன் அடித்தால் அடிக்கட்டும், ஹாரன் சத்தம் வண்டியைத் தள்ளாது.

இந்தக் கணக்கு காய்ந்த ரோட்டுக்கு. ஐப்பசி மழையில் இருமடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். தை, மாசியில் ரோட்டோரம் நெல் காயும், வைக்கோல் சிதறிக் கிடக்கும். அதன்மேல் முன் பிரேக்கை இறுக்கினால் வண்டி படுத்துவிடும். எக்ஸ்எல் ஓட்டுகிறவருக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை.

பிளஸ் ஒன் படிக்கிற என் பையனுக்கு அரசாங்கச் சைக்கிள் கொடுத்திருக்கிறார்கள். "சைக்கிளுக்கு சிக்னல் கிடையாதும்மா, எல்லாரும் போறாங்க" என்கிறான். எப்படிப் புரிய வைப்பது?
— ஓர் அம்மா, மயிலாடுதுறை

பையன் பாதி சரியாகத்தான் சொல்கிறான் அம்மா. மோட்டார் வாகனச் சட்டம் தண்டிப்பது மோட்டார் வண்டி ஓட்டுகிறவரை. சைக்கிளுக்கு நம்பர் பிளேட் இல்லை, ஆர்.சி. புக் இல்லை, வீட்டுக்குச் சலான் வராது. எதிரே வருகிற லாரிச் சக்கரத்துக்கு மட்டும் இந்தச் சலுகை தெரியாது.

எங்கள் காலத்தில் கதையே வேறு. சைக்கிளுக்கு வருஷா வருஷம் வரி கட்டி, ஒரு சின்னத் தகரவில்லை வாங்கி மாட்ட வேண்டும். டபுள்ஸ் போனால் பிடிப்பார்கள். பொழுது சாய்ந்த பிறகு டைனமோ விளக்கு இல்லாவிட்டால் இறக்கிவிட்டுக் காற்றைப் பிடுங்கிவிடுவார்கள். ஒருமுறை ஐயம்பேட்டையிலிருந்து பசுபதிகோயில் வரைக்கும் தள்ளிக்கொண்டே நடந்திருக்கிறேன். அந்தப் பயம் போய்விட்டது, வரி போனதும் நல்லதுதான். ஆனால் பயத்தோடு சேர்ந்து பழக்கமும் போய்விட்டது.

பையனிடம் சட்டம் பேசாதீர்கள், எடுபடாது. ஒன்று செய்யுங்கள். தெரிந்த டிரைவர் யாராவது இருந்தால், நிற்கிற பஸ்ஸில் அவனை டிரைவர் சீட்டில் ஏற்றி உட்கார வையுங்கள். நீங்கள் அவன் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு முன் படிக்கட்டை ஒட்டிக் கீழே நில்லுங்கள். நான் என் மகளுக்கு இப்படித்தான் காட்டினேன். அவள் அம்மா இரண்டடி தூரத்தில் நிற்கிறாள். பெண் சீட்டில் உட்கார்ந்துகொண்டு கண்ணாடியைப் பார்க்கிறாள், ஜன்னலைப் பார்க்கிறாள், "அப்பா, அம்மா எங்கே போனாங்க?" என்கிறாள். அன்றோடு சரி, சிக்னலில் பஸ்ஸின் இடது பக்கத்தில் போய் அவள் நின்றதே இல்லை.

இன்னொன்றும் அவனுக்குச் சொல்லுங்கள். பஸ் இடது பக்கம் திரும்பும்போது முன்சக்கரம் போன தடத்தில் பின்சக்கரம் போகாது, உள்ளே ஒடித்துக்கொண்டு வரும். முன்சக்கரம் தாண்டிவிட்டதே என்று அங்கே நிற்கிற சைக்கிளைப் பின்சக்கரம் வந்து வாங்கிவிடும். சிவப்பில் நிற்கும்போது ஒன்று பஸ்ஸுக்கு நன்றாக முன்னால், டிரைவர் முகம் தெரிகிற இடத்தில் நிற்க வேண்டும். இல்லையென்றால் பின்னாலேயே நின்றுவிட வேண்டும். பக்கவாட்டுச் சந்தில் நுழைந்து முன்னேறுவது வேண்டாம்.

திரும்பும்போது கை காட்டப் பழக்குங்கள். வலப்பக்கம் என்றால் வலது கையை நேராக நீட்ட வேண்டும், இடப்பக்கம் என்றால் இடது கையை. இரண்டு மூன்று செகண்ட் காட்டிவிட்டு, திரும்புவதற்கு முன் கை ஹேண்டில்பாருக்கு வந்துவிட வேண்டும். நாலுரோட்டில் வலப்பக்கம் திரும்புவது சைக்கிளுக்குக் கஷ்டமான காரியம். இந்த வயதிலும் நான் இறங்கிவிடுவேன். நேராக எதிர்ப்பக்கம் போய், அங்கே நின்று, அந்தப் பக்கத்துப் பச்சைக்குக் காத்திருந்து, தள்ளிக்கொண்டு கடப்பேன். ஒரு நிமிஷம் கூட ஆகும். கௌரவம் ஒன்றும் குறையாது.

பச்சை எரிகிறது. ஆனால் போலீஸ்காரர் கை காட்டி நிறுத்துகிறார். யாரைக் கேட்பது?
— கல்லூரி மாணவர், மன்னார்குடி

போலீஸ்காரரை. அவர் கை, விளக்குக்கு மேல்.

இடப்பக்கம் திரும்ப சிவப்பிலும் போகலாம்தானே? ஃப்ரீ லெஃப்ட் என்கிறார்களே.
— ஆட்டோ ஓட்டுநர், திருவாரூர்

எல்லா இடத்திலும் ஃப்ரீ லெஃப்ட் என்று யாரோ கிளப்பிவிட்டுவிட்டார்கள் தம்பி. சந்திப்பைப் பாருங்கள். போர்டு வைத்திருக்கிறதா, இடப்பக்கத்துக்குத் தனி வழி பிரித்திருக்கிறதா, பச்சை அம்பு எரிகிறதா? இருந்தால் போங்கள். அப்போதும் பாதசாரிக்கும், உங்கள் குறுக்கே பச்சையில் வருகிற வண்டிக்கும்தான் முதல் உரிமை. இடப்பக்க அம்பு சிவப்பாக இருந்தால் பேச்சே இல்லை, நிற்க வேண்டும். போர்டும் இல்லை, அம்பும் இல்லை என்றால் நான் நின்றுதான் போவேன். உங்கள் பின்னால் மூன்று பேர் திட்டுவார்கள். அவர்கள் பெரும்பாலும் ஜீப்ரா கிராசிங்கில் பாட்டி நடப்பதைப் பார்க்காதவர்கள்.

நேராகப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. இடதுபுறம் தனி வழி இருக்கிற சந்திப்பில் அந்த வழியை அடைத்துக்கொண்டு நிற்காதீர்கள்.

ராத்திரி பதினோரு மணி. நாலுபக்கமும் ஈ காக்கா இல்லை. சிவப்பு எரிகிறது. யாருக்காக நிற்பது?
— விவசாயி, ஒரத்தநாடு

நீங்கள் ஒரத்தநாட்டுக்காரர், கல்லணைக் கால்வாய்ப் பாசனம். முறை வைத்துத் தண்ணீர் விடுவது உங்களுக்குத் தெரியாததா? இன்றைக்கு மேல்வாய்க்காலுக்கு, நாளைக்கு நமக்கு என்று முறை. நம் முறை இல்லாத ராத்திரியில் மதகுக்குக் காவல் யாரும் இல்லை என்பதற்காக ஒருவன் பலகையைத் தூக்கினால் ஊரே கூடி அவனைக் கேட்கும். ஏன்? அங்கே யாரும் இல்லை என்று அவனுக்குத் தோன்றியது அவ்வளவுதான், கடைமடையில் ஒருவன் மண்வெட்டியோடு காத்திருக்கிறான். சிக்னலும் அதேதான். சிவப்பு என்றால் ரோடு மூடியிருக்கிறது என்று அர்த்தமில்லை, இப்போது குறுக்குரோட்டின் முறை. "இது என் முறை" என்று நம்பி அறுபது கிலோமீட்டர் வேகத்தில் ஒருவன் வருவான். அவனுக்கு பிரேக் போடும் எண்ணமே இருக்காது. பகலில் நெரிசலில் மோதினால் பம்பர் போகும், ராத்திரியில் மோதினால் ஆள் போகும்.

2019 திருத்தத்துக்குப் பிறகு, சிவப்பைத் தாண்டுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 184ஆம் பிரிவில் "அபாயகரமாக ஓட்டுவது" என்பதற்குள் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறார்கள்.

சில இடங்களில் ராத்திரியில் விளக்கை மினுக்க விட்டுவிடுவார்கள். மினுக்குகிற மஞ்சள் என்றால் வேகத்தைக் குறைத்து, பார்த்துப் போகலாம். மினுக்குகிற சிவப்பு என்றால் முழுக்க நின்று, இருபக்கமும் பார்த்து, வழி இருந்தால் போகலாம். கரண்ட் போய் விளக்கே எரியவில்லை என்றால் அது சிக்னல் இல்லாத சந்தி. மெயின் ரோட்டில் போகிறவருக்கு முன்னுரிமை. அப்படிப் பிரிக்க முடியாத சந்தியில் உங்கள் வலப்பக்கமிருந்து வருகிறவருக்கு வழி விடுங்கள். அறுவடைக் காலத்தில் இதோடு இன்னொன்று: பின்விளக்கு இல்லாத டிராக்டர், ரோட்டை அடைத்துக்கொண்டு வைக்கோல். அது பச்சையிலும் நடுவில் நிற்கும். பச்சை என்பது போக அனுமதிதான், பாதை காலியாக இருக்கிறது என்று அது உத்தரவாதம் தராது.

சிவப்பில் நிற்கும்போது பின்னால் ஆம்புலன்ஸ் வந்தால்?
— ஆசிரியை, நாகப்பட்டினம்

சைரன் கேட்டதும் எல்லாரும் பதறிச் சந்திப்புக்குள் பாய்கிறார்கள். அது வேண்டாம் டீச்சர். சிவப்பைப் பத்திரமாகத் தாண்ட ஆம்புலன்ஸுக்குத்தான் விலக்கு, உங்களுக்கு இல்லை. இடப்பக்கம் ஒதுங்கி இடம் விடுங்கள். ஒதுங்கவே இடமில்லை என்றால் வரிசையில் முதலில் நிற்கிறவர் குறுக்கே வண்டி வருகிறதா என்று பார்த்துக் கோட்டைத் தாண்டி ஓரமாக ஊர்ந்து நிற்கலாம். போலீஸ்காரர் இருந்தால் அவரே இழுத்துவிடுவார். ஆம்புலன்ஸ் போனதும் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு பறக்கிற பைக் கூட்டத்தைப் பற்றி நான் எழுதினால் ஆசிரியர் அச்சிட மாட்டார். வழி விடாதவருக்கு 194இ பிரிவில் 6 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்.

சிவப்பு ஏன் மேலே இருக்கிறது? யார் கண்டுபிடித்தது, தாத்தா?
— ஏழாம் வகுப்பு, திருவையாறு

ரயிலிலிருந்து வந்ததடா கண்ணு. 1868இல் லண்டனில் பார்லிமெண்டுக்குப் பக்கத்தில் ஒரு ரயில்வே இன்ஜினியர் முதல் சிக்னலை வைத்தார். அப்போது கரண்ட் இல்லை, கேஸ் விளக்கு. ஒரு போலீஸ்காரர் கையால் திருப்ப வேண்டும். அடுத்த மாதமே, 1869 ஜனவரியில், கேஸ் கசிந்து வெடித்து அந்தப் போலீஸ்காரருக்குக் காயம். சிவப்பு, காற்றில் அதிகம் சிதறாமல் தூரத்துக்குத் தெரிகிற நிறம். நில் என்பதுதான் தூரத்திலேயே தெரிய வேண்டும், அதனால் அதற்கு உச்சி இடம். நிறம் பிரித்துப் பார்க்க முடியாதவர்களும் மேலே எரிந்தால் நில், கீழே எரிந்தால் போ என்று இடத்தை வைத்துக் கண்டுகொள்வார்கள்.

கேட் போட்டால் பத்து நிமிஷம் நிற்கிறோம். பைக்காரர்கள் குனிந்து போய்விடுகிறார்கள். அவர்களுக்கு ஒன்றும் ஆவதில்லையே?
— ஜவுளிக்கடை ஊழியர், பட்டுக்கோட்டை

ஆகாதவரைக்கும் ஆகாதுதான். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கிராமத்துத் தடத்தில் ஆளில்லாத கேட் ஒன்று உண்டு. சட்டப்படி பஸ்ஸை நிறுத்தி, கண்டக்டர் இறங்கித் தண்டவாளம் வரைக்கும் நடந்து போய், இருபக்கமும் பார்த்துக் கை காட்ட வேண்டும். 131ஆம் பிரிவு. மழையில் ஒரு கண்டக்டர் பிளாஸ்டிக் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு இறங்கி, தண்டவாளத்தில் காது வைத்தே கேட்பார். பஸ்ஸே சிரிக்கும். அவர் ஒருநாளும் விட்டதில்லை.

உங்கள் பக்கம் 2019இல் திருவாரூர் – காரைக்குடி அகல ரயில் விட்ட புதிதில் கேட் கீப்பர் பற்றாக்குறையால், ரயிலிலேயே வந்த ஊழியர்கள் இறங்கி கேட்டை மூடி, ரயில் தாண்டியதும் திறந்துவிட்டு ஏறிக்கொண்டார்களே, நினைவிருக்கிறதா? ரயிலே நின்று நம்மைக் காப்பாற்றிய காலம் அது. எப்போதும் அப்படி நிற்காது. பாரம் ஏற்றிய ரயில் பிரேக் போட்டாலும் பல நூறு மீட்டர் வந்துதான் நிற்கும். ஒரு ரயில் போனதும் குனிகிறீர்களே, எதிர்த்தடத்தில் இன்னொன்று வரலாம். மூடிய கேட்டைத் திறந்தால் ரயில்வே சட்டத்தில் 3 வருஷம் வரை சிறை, உடைத்தால் 5 வருஷம் வரை.

சிக்னலை அதிகம் மதிக்காதது பஸ் டிரைவர்கள்தான். நீங்கள் எங்களுக்குப் புத்தி சொல்வது வேடிக்கையாக இருக்கிறது.
— ஒரு வாசகர், திருவிடைமருதூர்

கோபம் நியாயம். மறுக்க மாட்டேன்.

எங்களுக்கு ரன்னிங் டைம் என்று ஒன்று உண்டு. இத்தனை மணிக்கு எடுத்தால் இத்தனை மணிக்குப் போய்ச் சேர வேண்டும். வழியில் ஒரு கல்யாண ஊர்வலம், ஒரு வாத்துக் கூட்டம் என்று பத்து நிமிஷம் போய்விட்டால் அதை எங்கே பிடிப்பது? சிக்னலில்தான் பிடிப்போம். ஒரு மஞ்சள், இரண்டு மஞ்சள், அப்புறம் சிவப்பின் முதல் செகண்ட். இதைச் சமாதானமாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

1996 கார்த்திகை, முகூர்த்த நாள், விடிகாலை. தஞ்சாவூரில் ஒரு நாலுமுனைச் சந்திப்பு. எனக்கு மஞ்சள், பழைய பச்சை என்று தெரிந்துதான் வந்தேன். கால் பிரேக்குக்குப் போகவில்லை. பஸ் கோட்டைத் தாண்டும்போது சிவப்பு விழுந்துவிட்டது. குறுக்கே ஒரு பெரியவர், சைக்கிள் கேரியரில் வாழையிலைக் கட்டு, தன் பச்சைக்கு ஒரு செகண்ட் முன்னாலேயே மிதித்துவிட்டார். அவர் பேரிலும் தப்பு உண்டு. ஆனால் அவர் தப்பு மிதிவண்டித் தப்பு, என் தப்பு பத்து டன் தப்பு. பிரேக்கை அமுக்கினேன். பஸ்ஸுக்குள் நின்றவர்கள் எல்லாம் என் முதுகுக்கு வந்துவிட்டார்கள். பம்பர் அவர் பின்சக்கரத்தைத் தொட்டது. தொட்டது என்றுதான் சொல்வேன், சக்கரம் எட்டாக வளைந்துவிட்டது. பெரியவர் இடப்பக்கம் விழுந்தார், இலைக் கட்டு அவிழ்ந்து ரோடு முழுக்கப் பச்சை.

இறங்கி ஓடினேன். கை கால் ஆடுகிறது. அவர் எழுந்து உட்கார்ந்து முட்டியைத் தடவிக்கொண்டே, "இலையை மிதிக்காதே தம்பி" என்றார். அதுதான் முதல் வார்த்தை. கண்டக்டரும் நானும் நாலு பயணிகளும் நடுரோட்டில் குந்தி இலை பொறுக்கினோம். நான் அடுக்கியது அவருக்குப் பிடிக்கவில்லை. நுனி ஒரு பக்கம், காம்பு ஒரு பக்கம் வருகிற மாதிரி மறுபடி அடுக்கச் சொன்னார். வாழைநாரை நனைத்து அவரே கட்டினார். ஆட்டோ பிடித்து மண்டபத்துக்கு அனுப்பினேன், சக்கரத்துக்கும் பணம் கொடுத்தேன். அவர் அதில் பாதியைத்தான் எடுத்துக்கொண்டார், நானும்தான் முந்திவிட்டேன் என்று.

ஆட்டோவில் ஏறும்போது கிழிந்துபோன இலை நாலைந்தை ஒதுக்கி என் கையில் கொடுத்தார். "பந்திக்கு ஆகாது. உனக்கு டிஃபனுக்கு ஆகும்."

அன்றைக்கு இருபது நிமிஷம் லேட். மெமோ கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டேன். டெப்போ கேண்டீனில் அந்த இலையை விரித்துத்தான் இட்லி சாப்பிட்டேன்.